மலையை உங்களுக்கு எழுதிவைத்த நாள்

அண்ணி,

போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள். வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று போன மாசம்தான் எனக்குப் புரிந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் போடுகிற சமையல் குறிப்பையெல்லாம் முதல் ஆளாகப் படித்துவிட்டு, உப்பு அளவு தப்பு என்று சொல்வது நீங்கள்தானே. இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். உங்களைப் பற்றிச் சொன்னதை அவர்கள் நடுவீட்டில் வைத்துத்தான் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் விழுந்த சொல்லை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

இன்று ஆடிப் பதினெட்டு. காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனேன். இந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் படிகளை மூடிக்கொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டதால் திருவையாற்றில் கால் வைக்க இடமில்லை. அம்மா வழக்கம்போல் மேல்படியிலேயே பையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் இறங்கி இலையைப் போட்டு, காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பக்கத்தில் நம் உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர். அதில் ஒருவர், யார் என்று உங்களுக்குச் சொல்லாமலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம், ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு தண்ணி வந்திருக்கு, பாக்க அவன் இல்லையே. அவ அன்னிக்கு அந்த மலைக்கு இழுத்துக்கிட்டுப் போகாம இருந்திருந்தா..."

பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் காதுபடச் சொன்ன அதே பேச்சு. ஒன்றரை வருஷமாக இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். இன்று முடியவில்லை. "மலைக்குக் கூப்பிட்டது நான். அண்ணி இல்ல" என்றேன். நாதஸ்வரம், மைக், பிள்ளைகள் சப்பரம் இழுக்கிற சத்தம், யார் காதிலும் விழவில்லை. அம்மாவுக்கு மட்டும் விழுந்திருக்கிறது. வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "வேற என்ன தெரியும் உனக்கு?" என்று கேட்டார்.

அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் எப்படிப் போனார், யார் முதலில் ஓடி வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது அதற்கு ஆறு மாசத்துக்கு முன்னால் கொல்லிமலைப் படிக்கட்டில் நடந்தது. அது உங்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

2023, ஆடிப்பெருக்கு முடிந்த சனிக்கிழமை. குறுவை நட்டு முடிந்திருந்தது. நடவு வேலையில் அண்ணன் முகம் கறுத்துக் கிடந்தது. "ரெண்டு நாள் எங்கயாவது குளிர்ச்சியா போய்ட்டு வரலாம் அண்ணே" என்று நச்சரித்தது நான். நீங்கள் "களை எடுக்கணும், ஆள் சொல்லியிருக்கு" என்று இழுத்தீர்கள். அண்ணனும் "தண்ணி நிலவரம் பாத்துட்டுப் போவோம்" என்றார். உங்கள் இரண்டு பேரையும் விடாமல், வண்டியைக்கூட என் வீட்டுக்காரர் நண்பரிடம் கேட்டு வாங்கி வந்தது நான். இதை யாராவது மறந்திருந்தால் இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும்.

காரவள்ளியில் மலை ஏற ஆரம்பிக்கும்போது மருமகன் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கினான். மொத்தம் எழுபது. நாற்பதுக்கு மேல் எண்ணிக்கையை விட்டுவிட்டு உங்கள் மடியில் வாந்தி எடுத்தான். நம்மூர்ப் பிள்ளைக்கு மேடு என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் கோயில் கோபுரம். ஒரு வளைவில் அண்ணன் வண்டியை நிறுத்தி அவன் வாயைக் கழுவிவிட்டு, கீழே தெரிந்த சமவெளியைக் காட்டினார். "பாத்தியா, இதுல எங்கயோ காவிரி போகுது. கண்ணுக்குத் தெரியலைன்னாலும் போகுது" என்றார். செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவுக்குப் போட்ட வளைவுகளும் தோரணமும் அப்படியே இருந்தன. குதிரை மேல் உட்கார்ந்த ஓரி சிலையைப் பார்த்து, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை அடித்தவர் என அண்ணன் சொன்னதும், "கடைசியில எதுக்கு உடும்பு?" என்று அவன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அங்கே குடித்த முடவாட்டுக்கால் சூப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடைக்காரம்மா கிழங்கைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பாறையில் படர்கிற கிழங்கு, மேலெல்லாம் பழுப்பு முடி, தொட்டால் ஆட்டுக்காலைத் தொட்ட மாதிரியே இருந்தது. தோலைச் சீவி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்ததை ஊதி ஊதிக் குடித்தோம். அண்ணன் இரண்டாவது டம்ளர் வாங்கினார். பக்கத்திலேயே அன்னாசி. நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தார்கள். மருமகன் பழத்தைத் தின்றுவிட்டு அதன் கொண்டையைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆகாயகங்கைக்குப் படி இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேல் படிகள். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. சில இடத்தில் படி செங்குத்தாக இருந்தது, கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினோம். கீழே போனதும் அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்து நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். முந்நூறு அடி என்கிறார்கள். அந்த வருஷம் மழை குறைவு, தண்ணீர் அளவாகத்தான் விழுந்தது. அதுவே முதுகில் கூழாங்கல் கொட்டுகிற மாதிரி இருந்தது. நீங்கள் புடவையோடு போய் நின்று, சிரித்துக்கொண்டே கத்தினீர்கள். அப்படி ஒரு சத்தம் உங்களிடமிருந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

அண்ணன் பாறையில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "இந்தத் தண்ணிக்குப் பேரு ஐயாறு. நாம குடியிருக்கறதும் ஐயாறு" என்றார். "புளியஞ்சோலை வழியா இறங்கி முசிறிப் பக்கம் காவிரியில சேந்துடும். அப்புறம் முக்கொம்பு, கல்லணை, நேரா நம்ம படித்துறை. நமக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடும் பாரு." மருமகன் உடனே அன்னாசிக் கொண்டையைத் தண்ணீரில் விட்டான். ஊர் திரும்பிய பிறகு ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய்த் தேடினானே. இன்று காலையிலும், அந்தக் கூட்டத்திலும், நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி. இனி ஏறினது.

நீங்களும் அவனும் முன்னால் போய்விட்டீர்கள். பாதிக்கு மேல் வந்திருப்போம், ஒரு திருப்பத்தில் படி ஓரமாக மரம் ஒன்று சாய்ந்து நின்றது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, ஒரு நிமிஷம்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். குளித்து ஏறின குளிரில் நமக்கெல்லாம் பல் கிட்டிக்கொண்டிருந்தது, அவர் நெற்றியில் வியர்வை. ஈரத் துண்டால் துடைக்கிறார், மறுபடியும் பூக்கிறது. உள்ளங்கையை நெஞ்சு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். "மரத்துப் போச்சு" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் மூச்சு ஏறி இறங்குவது என் கைக்குத் தெரிந்தது. தண்ணீர் பாட்டில் உங்களிடம் இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். என் கையைப் பிடித்தார். "கூப்பிடாத. வாயுதான். அன்னாசி தின்னது. அவகிட்ட சொல்லாத, ஊருக்குப் போனா பத்து நாள் தூங்கமாட்டா. சத்தியமா சொல்லாத." நான் சத்தியம் செய்தேன். அம்மா மேல் சத்தியம் கேட்டார், அதையும் செய்தேன்.

அப்போதுதான் மேலேயிருந்து உங்கள் குரல் வந்தது. நீங்கள் அடுத்த திருப்பத்தில் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தீர்கள். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் உக்காந்து சொத்து பிரிக்கிறீங்களா?"

அண்ணன் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை மேலே ஆட்டி, "ஆமா, உனக்கு மலையை எழுதி வச்சிட்டேன். வயல் எங்களுக்கு" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். "மலையே போதும்" என்றீர்கள்.

அண்ணி, அந்தச் சிரிப்பு கேட்டவுடன் எனக்கும் பயம் விட்டுப்போயிற்று. இதுதான் என்னால் யாருக்கும் விளக்க முடியாதது. ஒரு நொடிக்கு முன்னால் என் அண்ணன் கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், அவர் ஒரு வார்த்தை சொன்னார், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நானும் எழுந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் வலி போய்விட்டது என்றார். மெதுவாக ஏறினோம். மேலே வந்ததும் நீங்கள் "ஏன் இவ்ளோ நேரம்" என்று கேட்டபோது, "எனக்குக் கால் வலி" என்று நான்தான் சொன்னேன்.

அப்புறம் சாப்பாடு. படி ஏறின பசி. கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, சொல்லிவைத்தால் சமைத்துத் தருகிற வீட்டில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். சோறு என்றால் நெல்லுச்சோறுதான் என்று வாழ்கிற அண்ணன், சாமையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை நாள், எப்போது விதைப்பது, மாடு கட்டி உழுவதா என்று அந்த வீட்டுப் பெரியவரை விசாரித்தார். தண்ணீர் கட்ட வேண்டாம், மானத்து மழையே போதும் என்று பெரியவர் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழம்பில் மலை மிளகின் காரம். தேங்காய் குறைவாகத்தான் அரைத்திருந்தார்கள், எண்ணெய் மேலே மிதக்கவில்லை, ஆனாலும் எலும்புக்குள் வரை மசாலா ஏறியிருந்தது. கடைசியில் மலைவாழைப்பழம்.

அண்ணன் மூன்றாவது தரம் சோறு கேட்டார். "போதும், வண்டி ஓட்டணும்" என்று நீங்கள் இலையை மடிக்கச் சொன்னீர்கள். குழம்பை ஊற்றியது நான். சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறவருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். நீங்கள் கண்டதையும் ஆக்கிப் போட்டுத்தான் அவருக்கு அடைப்பு வந்தது என்று பேசியவர்களுக்கும் இது தெரியட்டும். இலையை மடிக்கச் சொன்னவர் அண்ணி.

ஏன் பிறகாவது சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சத்தியம் செய்திருந்தேன். அது ஒரு காரணம். அண்ணனே வாயு என்று சொன்னார், நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன். ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து, "டாக்டர்கிட்ட போனியாண்ணே" என்று கேட்டேன். களை முடியட்டும் என்றார். அதற்குள் குறுவைக்குத் தண்ணீர் பத்தவில்லை. ராத்திரி கரண்டு வருகிற நேரம் பார்த்து மோட்டார் போடப் போய்விடுவார். அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூரை மூடினார்கள். அதன்பின் சம்பாவை எப்படிக் காப்பாற்றினார் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்களும்தான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனீர்கள். ஐப்பசியில் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். மறுபடி கேட்டேன். "அறுப்பு முடியட்டும் பாப்பா" என்றார். அறுப்பு முடிந்தது. மாசி பிறந்தது.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு பரிசோதனைக்குப் போனபோது, டாக்டரிடம் அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் போய்விடுகிற நெஞ்சு வலி இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளம், கை மரத்துப்போவதும் வியர்ப்பதும் அதோடு சேர்ந்தது என்றார். வாயு படி எண்ணிப் பார்த்து வராது என்றார். அன்றைக்கே காட்டியிருந்தால் ஈசிஜி, டிரெட்மில், தேவைப்பட்டால் ஆஞ்சியோ என்று போயிருக்கும், மாத்திரையோ ஸ்டென்ட்டோ வைத்திருப்பார்கள் என்றார். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மலை அண்ணனைக் கொல்லவில்லை. உடம்பில் இருந்ததை மலை ஆறு மாசம் முன்னாலேயே காட்டிக்கொடுத்தது. பார்த்தவள் நான்.

அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். நீங்கள் சொல்லடி படுவதை விட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஆனால் நீங்களும் ஒன்று செய்தீர்கள் அண்ணி. தலைத்திவசத்துக்கு வரவில்லை. மருமகன் வந்துதான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்று ஐயர் காத்திருந்தார். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பதினொரு மணி வரை, பன்னிரண்டு மணி வரை. கடைசியில் பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட்டு முடித்தோம். என் அண்ணனுக்குப் பெற்ற பிள்ளை இருக்க, வேறு ஒருவன் கையால் பிண்டம். உங்கள் கோபம் எங்கள் மேல். அது அவர் இலையில் விழலாமா? திருப்பூரிலிருந்து எட்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரு போன் செய்திருந்தால் நானே வந்து அவனைக் கூட்டி வந்திருப்பேன். அதற்குப் பதிலாக ஒரு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரிஜிஸ்டர் தபாலை அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நீங்கள் ஏதோ எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

அன்று உங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுக்கப் போகவில்லை. மறைக்கமாட்டேன்.

அதே சமயம், நீங்கள் யாருக்குப் போன் செய்திருப்பீர்கள்? எனக்கா? நடுவீட்டில் உங்களை அந்தச் சொல் சொன்னபோது நீங்கள் ஒரு தடவை நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தீர்கள். நான் காபி டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நிலத்தைப் பற்றி இங்கே விவரமாக எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எழுதவில்லை. படுகைத் தோட்டம் யாருக்கு, நஞ்சையில் எத்தனை மா யாருக்கு என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். அப்பா வழியில் எனக்கு வருகிற பங்கைப் பற்றி நான் முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் இன்று மத்தியானம் சொன்னேன். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. என்னிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்துக் காகிதத்தோடு வர இருக்கிறவர்கள் வர வேண்டாம். இதற்கு மேல் உங்களிடம் நேரில்தான் சொல்வேன்.

ஒரு விஷயம் மட்டும் எழுதுகிறேன். அண்ணன் அன்று சோளக்காட்டுச் சந்தையில் மிளகு கால் கிலோவும் சாமை இரண்டு கிலோவும் வாங்கினாரே. மிளகை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், நல்லது. சாமை இங்கேயே, நீங்கள் மூடிக்கு மேல் துணி கட்டிவைத்த தகர டின்னில் கிடந்தது. யாரும் தொடவில்லை. இன்று படித்துறையிலிருந்து வந்ததும் அம்மா அதைத் திறந்தார். வண்டு விழுந்திருந்தது. முற்றத்தில் சாக்கை விரித்துக் கொட்டி வெயிலில் காயவைத்தோம். பாதி மாவாகப் போய்விட்டது. புடைத்து, கல் பொறுக்கி, மீதியை அளந்து பார்த்தேன். ஒரு கிலோ தேறும். அம்மா ஒரு பிடியை மட்டும் எடுத்து வடித்து, அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஆடி முடிந்ததும் வரும் முதல் சனிக்கிழமை காலை பஸ்ஸில் திருப்பூர் வருகிறேன். அம்மாவும் வருகிறார். நீங்கள் வேலைக்குப் போயிருந்தால் திரும்பும் வரை வாசலில் உட்கார்ந்திருப்போம். சாமையைக் கொண்டுவருகிறேன். அவன் இன்னும் சாமைச் சோறு சாப்பிடுவானா என்று தெரியவில்லை, அதனால் நம்ம ஊர்ப் பச்சரிசியும் ஐந்து கிலோ எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பாப்பா